ஓய்வு: முப்பது விநாடி

எமயோகி ஆறு உறைந்து கிடந்த பிப்ரவரியில்
தார்த்து நகரின் ஓர் அடித்தள அறையில்
கண்பாவைகளை அளந்துகொண்டிருந்தேன்.

கணக்குக் கடினமானால் பாவை விரியும்,
விளக்கு அப்படியே இருந்தாலும்.
விட்டுவிட்டால் சுருங்கும்.
வாய் பொய் சொல்லும்.
பாவைக்கு அந்தப் பழக்கம் வரவில்லை.

ஹெல்வே ரொட்டித் தொழிற்சாலையில் இரவுப் பணி.
பதினைந்து யூரோவுக்காக வந்தார்.
பூட்ஸின் அடி பிய்ந்துவிட்டதாம், அவரே சொன்னார்.
மணிக்கட்டில் அடுப்புத் தழும்புகள்,
ஒன்றன்மேல் ஒன்றாக.
முகவாயைத் தாங்கியில் வைத்ததும்
பல் பிடுங்க வந்தவரைப் போல
மூச்சை அடக்கிக்கொண்டார்.

முப்பத்தெட்டை நாற்பத்தேழால் பெருக்குங்கள் என்றேன்.
காகிதம் கிடையாது. விரல் விடக் கூடாது.

எட்டேழு ஐம்பத்தாறு.
ஆறைப் போட்டு
ஐந்தை எங்கே வைப்பது?
கைகொள்ளாத ரொட்டிகளை மார்போடு அணைத்தபடி
முழங்கையால் கதவுப்பிடியைத் தேடுகிறவர்
அவர் பாவைக்குள் நின்றார்.
திரையில் கோடு ஏறியது. இன்னும் ஏறியது.
இருநூற்று அறுபத்தாறு வந்துவிட்டது, அதைப் பிடித்துக்கொண்டு
அடுத்த வரிசைக்குப் போகிறார்,
நான்கெட்டு முப்பத்திரண்டு,
சட்டென்று கோடு விழுந்தது.

"விட்டுவிட்டீர்களா?"

தட்டாமல் குளியலறைக் கதவைத் திறந்தவனைப் பார்ப்பதுபோல
என்னைப் பார்த்தார்.
"நான் விடவில்லை. அதுவாகப் போய்விட்டது."

மாடியில் இதற்கு இரண்டு கட்சி உண்டு.
மூளையைக் கசக்கினால் எரிபொருள் தீர்கிறது என்பார் பெரியவர்.
யோசிக்கிற மூளைக்கும் சும்மா கிடக்கிற மூளைக்கும்
செலவில் பெரிய வித்தியாசமில்லை,
களைப்பு என்பது
செய்யாமல் தள்ளிவைத்த மற்றதெல்லாம்
வாசலில் நின்று கேட்கும் வாடகை என்பார் லீவிகா.
சூப் ஆறிப்போகும் வரை நடக்கும்.
நான் எந்தக் கட்சியும் இல்லை.
என் ஒப்பந்தம் ஜூன் வரைதான்.

பிறகு ஓய்வு. முப்பது விநாடி.
வெற்றுத் திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு கூட்டல் குறி.
"ஒன்றும் செய்ய வேண்டாம். அதைப் பார்த்துக்கொண்டிருங்கள், போதும்."

ஒன்பதாவது விநாடியில் பாவை விரிந்தது.
கணக்கில் தொட்ட உயரத்தைத் தாண்டியும்
நிற்கவில்லை.

விளக்கைப் பார்த்தேன், மாறவில்லை.
கம்பியை அசைத்துப் பார்த்தேன்.
அவர் முகத்தில் ஒரு தசைகூட அசையவில்லை.
அப்புறம்தான் புரிந்தது:
எதையோ நினைக்காமல் இருக்கிறார்.
கதவுக்கு இந்தப் பக்கம் முதுகைக் கொடுத்து
குதிகாலைத் தரையில் ஊன்றி
மிச்சமிருந்த இருபத்தொரு விநாடியும்.

அட்டவணையில் அதற்குக் கட்டம் இல்லை.
"இடையூறு, கணக்கில் சேர்க்க வேண்டாம்" என்று எழுதினேன்.
எழுதி முடித்த பிறகும்
பேனா காகிதத்தைவிட்டு எழவில்லை.

பணத்தை எண்ணாமல் பையில் போட்டார்.
"கணக்கு பரவாயில்லை" என்றார்
கோட்டுப் பொத்தானை
தப்பான துளையில் மாட்டியபடி.

ஐந்தரைக்கே இருட்டு.
நடைபாலத்தில் முன்னால் அவர்,
இருபதடி பின்னால் நான், பேருந்து அந்தப் பக்கம்தான்.
கீழே பனிக்கட்டிக்கு அடியில்
ஆறு தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கும்.

பாலத்தின் நடுவில் அவர் கால்கள் நின்றன.
கடினமான ஒன்று தலைக்குள் வந்தால்
நடக்கிறவர் நின்றுவிடுவார், படித்திருக்கிறேன்.
என் கால்களும் நின்றிருந்தன என்பதை
பிந்தித்தான் கவனித்தேன்.
அந்த இருபத்தொரு விநாடியில்
கதவுக்கு அந்தப் பக்கம் யார் என்று
நான் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன்.
சைக்கிளில் வந்த ஒருவர்
எங்கள் இருவரையும் திட்டிக்கொண்டே வளைந்து போனார்.

அவர் திரும்பினார்.
"ஆயிரத்து எழுநூற்று எண்பத்தாறு."

"சரி" என்றேன்.

"தெரியும்" என்று சொல்லிவிட்டு
பிய்ந்த அடி பனியில் தட்டத் தட்ட
வேலைக்குப் போனார்.